இடது சேனலில் கோளாறு

மார்ச் 3, திங்கள்

வக்கீல் வீட்டில் ஸ்பீக்கர்களை இறக்கியாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். மாடிப்படி ஏறுவதற்குள் கூட வேலை செய்கிற ஒட்டடைக்கு இடுப்பு போனது, எனக்குப் பொறுமை போனது. (ஏணி இல்லாமல் சீலிங்கைத் தொடுகிறவனுக்குக் கடையில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?)

வக்கீலுக்கு ஒரு சந்தேகம். விலை கூடிய வயர் போட்டால் குரல் இன்னும் இனிக்குமா என்று. நண்பர் ஒருவர் தன் காதாலேயே கேட்டாராம். “உங்க நண்பர் காதை யாராவது டெஸ்ட் பண்ணியிருக்காங்களா சார்? என் மைக்கைப் பண்ணியிருக்காங்க” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் ஒட்டடை சொல்கிறான்: “வக்கீலையே கூண்டுல ஏத்தற ஒரே ஆளு நீதான்.”

நான் சொன்னதில் என்ன தப்பு? காது ஒரு நாளைக்கு ஒன்று சொல்லும். சரியாகத் தூங்காவிட்டால் ஒன்று, சண்டை போட்டுவிட்டு வந்தால் ஒன்று. சத்தத்தை அளக்கிற மைக் அப்படி இல்லை, என்றைக்கும் ஒன்றையே சொல்லும். முதலாளியம்மா என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதே அளக்கத்தான், ரசிக்க அல்ல.

சனிக்கிழமை அங்கே ட்யூனிங். மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5, புதன்

காலையில் கிளம்பும் முன் ஒரு பாட்டு. பல் துலக்குவது மாதிரி, விட முடியாது. மூன்றாவது அறையில் அக்காவின் தையல் மெஷினைத் துரத்திவிட்டுத்தான் என் சிஸ்டத்தை வைத்தேன். ஒரே ஒரு நாற்காலி. அதில் சரியாக உட்கார்ந்தால் ஸ்பீக்கர் இரண்டும் காணாமல் போகும். வெறும் சுவருக்கு முன்னால் பாடுகிறவள் வந்து நிற்பாள். மூச்சை இழுப்பது கேட்கும், உதடு பிரிவது கேட்கும். இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் ஒரே நேரத்தில் போனால் மூளை ஆளை நடுவில் நிறுத்திவிடுகிறது, வேறு மாயம் ஒன்றுமில்லை. கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் உடம்பு சிலிர்க்கிறது.

இன்று அவள் நடுவில் இல்லை.

வலது ஸ்பீக்கர் மேல் சாய்ந்துகொண்டு பாடினாள். இடது பக்கம் யாரோ கம்பளி போர்த்திவிட்ட மாதிரி. கூடவே “ஸ்ஸ்” என்று மெல்லிய இரைச்சல். முதலில் நான் வேறு பாட்டைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

போன மாதம் ஆம்ப்ளிஃபையரில் இடது சேனல் வயரை ஒட்டடைதான் சோல்டர் வைத்துப் பற்ற வைத்தான். வேறு என்னவாக இருக்கும்?

மார்ச் 6, வியாழன்

கேபிளை மாற்றினேன். ஆம்ப்ளிஃபையருக்குள் போகிற இடது, வலதை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். இது பால பாடம்: ஒரு பொருளில் பழுது என்றால், பொருளை மாற்றி வைத்தால் பழுதும் கூடவே போகும். போகவில்லை. இடதிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டடைக்குப் போன் போட்டுத் திட்டினேன். “ஒரு வயரை உருப்படியா ஒட்டத் தெரியாதா உனக்கு?”  “வந்து பாக்கறேன்” என்றான்.

மார்ச் 7, வெள்ளி

ஒட்டடை வேலை முடிந்து நேராக வந்தான். அதற்குள் ஆம்ப்ளிஃபையர் மேஜை மேல் வயிறு திறந்து கிடந்தது. இணைப்பு ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. குறை இல்லை. மூடிவிட்டு, பாட்டைப் போட்டு, அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

“இடது பக்கம் மந்தமா இல்ல?”

“இல்லையே. நடுவுல நிக்கறாங்க.”

“இரைச்சல்?”

“எந்த இரைச்சல்?”

“உனக்கு என்னைக்குத்தான் எது கேட்டிருக்கு” என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, “சளி பிடிச்சிருக்குல்ல, காதை ஒருதடவை காட்டு” என்றான். தன் சோல்டரிங்கைக் காப்பாற்ற என் காதைக் குறை சொல்கிறான். சளி மூக்கில். மூக்கால் யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

அவன் போனபின் சிஸ்டத்தை முழுக்க நிறுத்தினேன். இரைச்சல் நிற்கவில்லை. அப்படியென்றால் ஃபிரிட்ஜ். அதையும் நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் கெட்டுவிட்டது. அக்கா பாத்திரத்தைக் கொண்டுவந்து என் மேஜையில், ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

வக்கீல் வீடு. மைக்கை நாற்காலியில் காது உயரத்துக்கு வைத்து அளந்தேன். திரையில் இடது, வலது இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அழகு. பிறகு நான் உட்கார்ந்து கேட்டேன். இடது செத்துக் கிடக்கிறது. அதே கம்பளி.

இந்த வீட்டிலுமா?

யோசித்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவானது என் மைக் ஒன்றுதான். என் சிஸ்டத்தையும் அதை வைத்துத்தான் சரி செய்தேன். மைக் கெட்டுவிட்டது. எவ்வளவு சுலபமான விடை. இடது சேனலை நான்கு டெசிபல் ஏற்றினேன். பாடுகிறவர் நடுவுக்கு வந்தார்.

வக்கீலின் மனைவி உள்ளேயிருந்து வந்து, கைத்துண்டில் கை துடைத்துக்கொண்டே கேட்டார். “தம்பி, இந்தம்மா ஏன் இடது ஸ்பீக்கர் மடியில உக்காந்து பாடறாங்க?”

“பழகணும்மா. ரெண்டு நாள் ஆகும்.”

“பாட்டுக் கேக்கறதுக்குமா பழகணும்?”

வக்கீல் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியில் ஒட்டடை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்கும் இடது பக்கம் அதிகமாகத்தான் கேட்டிருக்கும். சொன்னால் திட்டுவேன் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

மைக்கை நம்புங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்கிறவன் இன்று மைக் பொய் சொல்கிறது என்றேன். எழுதும்போது விசித்திரமாக இருக்கிறது. ஆனால் கேட்டேனே.

மார்ச் 10, திங்கள்

கடையிலிருந்து வேறு மைக் எடுத்துவந்து என் சிஸ்டத்தை அளந்தேன். அதே ஒட்டிய கோடு. இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கெடுமா?

மார்ச் 11, செவ்வாய்

 வரிசையாக எழுதுகிறேன்.

மாலை அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஸ்பீக்கர்களை இடம் மாற்ற உதவி கேட்டேன். தனியாக நகர்த்த முடியாது. “கணக்கு டீச்சர் வேலைக்கு இப்ப சுமை தூக்கறதும் சேத்தியா?” என்று முனகிக்கொண்டே பிடித்தாள். இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்தோம். பாட்டைப் போட்டேன். மந்தம் இடதிலேயே.

ஸ்பீக்கர் இல்லை. ஆம்ப்ளிஃபையர் இல்லை. கேபிள் இல்லை. மிச்சம் இருப்பது அறை. இடது பக்கம் ஜன்னலில் கனமான கர்ட்டன், அதுதான் சத்தத்தைத் தின்கிறது என்று கழற்றி எறிந்தேன். அக்கா கத்தினாள். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மந்தம் அங்கேயே.

அக்கா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து சொன்னாள்: “எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. ஒண்ணை மட்டும் மாத்தலை.”

“எதை?”

“உன்னைத்தான். திரும்பி உக்காரு.”

கிண்டலுக்குத்தான் சொன்னாள். சத்தியமாக அவளும் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவள் வாயை அடைக்கத்தான் நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சற்றுமுன் இடது பக்கம் செத்துக் கிடந்த ஸ்பீக்கர் இப்போது என் வலப்பக்கம். பளிச்சென்று பாடியது. நன்றாக இருந்தது போர்வைக்குள் போய்விட்டது.

திரும்பி உட்கார்ந்தேன். மறுபடி கதவைப் பார்த்து. மறுபடி. அக்கா, “போதும், தலை சுத்தப்போகுது” என்றாள். வலது காதை விரலால் அடைத்தேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் எங்கேயோ அடுத்த தெருவிலிருந்து வந்த மாதிரி. அந்த “ஸ்ஸ்” மட்டும் தெளிவாக. ஃபிரிட்ஜ் இல்லை. ஆம்ப்ளிஃபையர் இல்லை. எனக்குள்ளே.

எப்படி. ஒரு வாரம். எப்படி தெரியாமப் போச்சு எனக்கு? போன்ல பேசறேன் — வலது காதுலதான் பேசறேன். வண்டி ஓட்டறேன் — ஹெல்மெட். சளி, அடைப்பு, போயிடும்னு. மாற்றிப் பார்க்காத ஒரே பாகம். மீட்டர் வைக்காத ஒரே பாகம்.

அக்கா கர்ட்டனை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து, மறுபடி மடித்தாள்.

மார்ச் 12, புதன்

காது டாக்டர் அம்மாவிடம் போனேன். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஹெட்போன் காதில் சரியாகப் படியவில்லை என்று அங்கேயும் சொன்னேன். என்ன ஜென்மம் நான்.

இடது காதுக்கு வந்ததும் வெகுநேரம் எதுவும் வரவில்லை. மெஷின் ஓடுகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெஸ்ட் எடுக்கிற பெண் பொத்தான்களைத் திருப்பிக்கொண்டே இருந்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே. அவள் சத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் வரவில்லை.

தாளை நீட்டினார்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்க்கிற படம்தானே. வலது: நேர் கோடு. இடது: பாதி தூரம் போய் மாடியிலிருந்து விழுந்த மாதிரி. இப்படிக் கோடு வருகிற ஸ்பீக்கரை நான் குப்பையில் போடச் சொல்லியிருப்பேன்.

“எப்ப ஆரம்பிச்சது?” டாக்டர்.

“போன புதன்.”

“நடுவுல என்ன பண்ணீங்க?”

“ஆம்ப்ளிஃபையரைப் பிரிச்சேன்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “அப்புறம்?”

“ஃபிரிட்ஜை நிறுத்தினேன். கர்ட்டனைக் கழட்டினேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திடீரென்று ஒரு காது இப்படிப் போவது அபூர்வம் இல்லையாம். காரணம் பெரும்பாலும் தெரியாதாம். “மருந்து உடனே ஆரம்பிச்சா வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும். இப்பவும் குடுக்கறேன். முழுசா திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்.”

“எவ்வளவு குறைஞ்சிருக்கும்? ஒரு அளவு சொல்லுங்க.”

“அப்படி அளவெல்லாம் கிடையாது தம்பி.”

அளவு கிடையாதாம்.

மார்ச் 13, வியாழன்

மாத்திரை. பசி. மருந்தில் முகம் வீங்கும் என்றார்கள், கண்ணாடியில் இப்போதே அப்படித்தான் தெரிகிறது. சாப்பாட்டு மேஜையில் அக்கா தன் நாற்காலியை என் வலப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டிருக்கிறாள்.  அவள் திட்டாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

ஒட்டடையைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. டாக்டர் கொடுத்த தாளை நீட்டினேன். அவனுக்கும் அந்தப் படம் படிக்கத் தெரியும். வெகுநேரம் பார்த்தான்.

“அப்ப என் சோல்டரிங்?”

“அருமையா இருக்கு.”

“எழுதிக் குடு” என்றான். பிறகு தாளைத் திருப்பித் தந்தான். 

மார்ச் 19, புதன்

திரும்பி வருகிறது! காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. ஈரத் தலையோடு ஓடிப்போய் சிஸ்டத்தைப் போட்டேன்.

அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

அதே பாட்டு. அதே பெண். இரண்டு பேர் பாடினார்கள். ஒருத்தி சுருதியில், இன்னொருத்தி அரைக்கால் தள்ளி, தகரக் குழாய்க்குள்ளிருந்து. வயலின் வந்ததும் பல் கூசியது. நிறுத்தினேன். பியானோவில் ஒரே ஒரு கட்டை மட்டும் ஒலிக்கிற டெஸ்ட் ஃபைலைப் போட்டேன். வலது காதில் ஒரு சுரம். இடது காதில் வேறு சுரம். ஒரே கட்டை! உலகத்தில் ஒரே கட்டையாக இருப்பது எனக்குள் வரும்போது இரண்டாகிவிடுகிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். சிலருக்கு அப்படி ஆகுமாம். சரியாகலாமாம், ஆகாமலும் போகலாமாம்.

கேக்காமலே இருந்திருக்கலாம். இல்ல. தெரியல. கேக்காம இருந்தப்ப கேக்கணும்னு தானே வேண்டிக்கிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அக்கா பாத்திரம் கழுவும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினாள். அவளுக்கு எப்போதும் சுருதி சேராது, இருபது வருடமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். இன்று அறையை விட்டு எழுந்து போய்விட்டேன். அவள் பாட்டை நிறுத்தினாள்.

மார்ச் 24, திங்கள்

முதலாளியம்மாவிடம் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், வக்கீல் வீட்டைச் சரி செய்யாமல் இருக்க முடியாது.

அவர் கதவைச் சாத்தினார். “யார்கிட்டயாவது சொன்னியா?”

“ஒட்டடைகிட்ட.”

“அவனோட நிறுத்திக்கோ. நம்ம கஸ்டமர்ல பாதிப் பேருக்கு அறுபது தாண்டியாச்சு. அவங்களைக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணா, ஒவ்வொருத்தர் ரிப்போர்ட்டும் உன்னுது மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு ரசிக்கறாங்களா இல்லையா?”

“ரசிக்கறாங்க.”

“அப்புறம் என்ன. மைக் இருக்கு, நீ அளந்துக்கோ. காதைப் பத்தி வாயைத் திறக்காதே.”

வேலை போகும் என்று தயாராகப் போனவன் நான். போகவில்லை. ஏன் நிம்மதியாக இல்லை? அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான். மைக்கை வைத்து முக்கால் வேலை முடியும். கடைசிக் கால், ஸ்பீக்கரை விரல் அகலம் உள்ளே திருப்புவது, அதை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுத்தான் செய்வேன். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ரகசியமாக ஒரு பெருமை வேறு எனக்கு இருந்திருக்கிறது. அளக்கத்தான், ரசிக்க அல்ல என்று எழுதிய கை.

ஏப்ரல் 2, புதன்

மறுபடி கண்ணாடி அறை. இடது கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் சொல்கிறார்: “இனிமே பெரிசா மாறாது. இதோட பழகிக்கணும்.”

பாட்டுக் கேக்கறதுக்குமா பழகணும். வக்கீல் வீட்டு அம்மா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். என் இடது காது போய்விட்டது, அன்று தெரியாமல் உங்கள் வீட்டை என் காதுக்குத் தகுந்த மாதிரி கோணலாக்கிவிட்டேன், மைக்கை வைத்துச் சரி செய்து தருகிறேன், என்னை நம்ப முடியாது என்றால் வேறு ஆள் வருவார். ஒரே மூச்சில்.

“இது வாக்குமூலமா தம்பி?” என்றார்.

பின்னாலிருந்து அவர் மனைவி குரல்: “நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

ஏப்ரல் 10, வியாழன்

முதலாளியம்மாவிடமும் சொல்லிவிட்டேன், வக்கீலிடம் சொல்லிவிட்டேன் என்று. நாள் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம், வக்கீல் வீட்டுக்குப் போக வண்டிச் சாவியை என் மேஜையில் வைத்தார். தூக்கிப் போடவில்லை, வைத்தார்.

ஏப்ரல் 12, சனி

வக்கீல் வீடு. நான்கு டெசிபலை இறக்கினேன். மைக்கில் கோடுகள் ஒட்டின. அதோடு கிளம்பியிருக்கலாம், ஒட்டடை கிளம்பத் தயாராக வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நாற்காலியில் வக்கீலின் மனைவியை உட்காரச் சொன்னேன். வக்கீல், “அவளையா? அவ சீரியல் பாக்கறவ” என்றார். “நீங்க கேஸ் கட்டுப் பாக்கறவர். உக்காந்தா தூங்கிடுவீங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார்.

பாட்டைப் போட்டேன். என் இடது காதில் பஞ்சு. எனக்கு எல்லாமே வலது பக்கத்திலிருந்துதான் வந்தது.

“எங்க நிக்கறாங்கம்மா?”

“யாரு?”

“பாடறவங்க.”

அவர் சங்கோஜப்பட்டார். பிறகு கையை நீட்டி, “இங்க கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றார். நான் போய் வலது ஸ்பீக்கரைத் துளி திருப்பினேன். “இப்ப?” “கலைஞ்சுட்டாங்க.” திரும்ப வைத்தேன். இடதைத் திருப்பினேன். வக்கீல் குனிந்து தன் தலையை அவர் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, “இன்னும் உள்ள வரணும்” என்றார். “நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு அங்கேருந்து தெரியாது.” ஒட்டடை என்னைப் பார்த்தான். இந்த இடத்தில்தான் நான் வழக்கமாக நடுவில் புகுந்து முடித்துவிடுவேன். இன்று புகவில்லை. நின்றேன். இன்னும் துளி திருப்பினேன்.

அந்த அம்மாவின் கை மெதுவாக நடுவுக்கு வந்து, சுவருக்கு முன்னால், யாருடைய முகத்தையோ தொடப்போகிற உயரத்தில் நின்றது.

“இதோ.”

 வக்கீல் அந்தக் கை காட்டுகிற இடத்தையே பார்த்தார். அந்த இடத்தை நானும் பார்த்தேன். எனக்கு அங்கே சுண்ணாம்பு அடித்த சுவர்தான். மைக்கை எடுத்து உறையில் போட வேண்டும், ஸ்பீக்கர் அடியில் அடையாளம் போட வேண்டும், அடுத்த வீட்டுக்கு வேறு போக வேண்டும். அவர் கை இறங்கவில்லை. பாட்டு முடிகிறவரை நான் அசையவில்லை.